வாங்கின கை

இயேசுதாசன் மேஸ்திரியை ஊரில் யாருக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நேர்மையான மனிதர் என்ற சொல்லைக் கேட்டதும் படிக்கிறவர்கள் அவருக்கு ஒரு சாந்தமான முகத்தை மாட்டிவிடுவார்கள். அவருக்கு இருந்தது சிடுமூஞ்சி. வேட்டியில் எப்போதும் பினாயில் வாடை. நெற்றியில் ஒரு தழும்பு. கறிக்கடைக்காரன் ஒருவன் இரும்புக் கொக்கியை வீசி எறிந்ததில் வந்தது. எறிந்தவனை அவர் அதே கொக்கியால் திருப்பி அடித்துப் பல்லை உதிர்த்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சித்தூருக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு சிறிய ஊர். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் அவர் சுகாதார மேஸ்திரி. ஆற்றங்கரையில் இருந்த ஆட்டுத்தொட்டி அவர் பொறுப்பு. ஊரில் விற்கிற கறி முழுவதும் அந்தத் தொட்டியில்தான் அறுபட வேண்டும். அறுப்பதற்கு முன் ஆடு உயிரோடு நிற்பதை மேஸ்திரி பார்க்க வேண்டும். தோலை உரித்துத் தொங்கவிட்டபின் ஈரலையும் மண்ணீரலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் தொடையில் ஊதா மையில் ஒரு சீல். இல்லாவிட்டால் கறிமேல் பினாயிலை ஊற்றிக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். மற்ற ஊர்களில் அந்தச் சட்டம் மேஸ்திரி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிற தொடைக்கறியோடு முடிந்துவிடும். இவர் வீட்டுக்கு யாரும் கறி கொடுத்தனுப்ப முடியாது. அனுப்பியவன் கடையில் மறுநாள் எல்லா ஆட்டையும் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார்.

அதனால் கறிக்கடைக்காரர்கள் அவரை வெறுத்தார்கள். ஊர்ப் பெண்கள் அவரை வெறுக்கவில்லை. ஆனால் விரும்பவும் இல்லை, ஏனென்றால் அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒன்று மட்டும் செய்தார்கள். கடைக்குப் போனதும் தொடையைத் திருப்பச் சொல்லி ஊதா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வேறு கேள்வி கிடையாது. அந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, மனசுக்குள் அதன்மேல்தான் உயிரையே வைத்திருந்தார். சம்பளமோ அற்பம். மனைவி ஞானசௌந்தரி மிஷன் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்துத்தான் குடும்பம் ஓடியது. மனுஷனுக்கு இருந்த ஒரே சொத்து அந்த ஊதா வட்டம்.

ஆந்திரம் தனி மாநிலமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்த ஊர் எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. பஸ்ஸில் பேச்சு அதுதான், கோயிலில் அதுதான், சவரக்கடையில் சவரம் பாதியில் நிற்பதும் அதனால்தான். மதராஸோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் எல்லை மாநாடு ஒன்று கூட்டினார்கள். நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் லாரியில் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிற பொறுப்பை அரிசி மண்டி கோவர்த்தனன் ஏற்றுக்கொண்டார். கறி கொடுக்கும் பொறுப்பு பாலையாவுக்கு. ஊரிலேயே பெரிய கறிக்கடை அவனுடையது. இயேசுதாசனும் மதராஸோடு சேர வேண்டும் என்றுதான் நினைத்தார். அவர் தாய் பேசிய பேச்சு தமிழ். வேதம் வாசித்ததும் தமிழில். அன்று தொட்டி வேலை முடிந்ததும் மாநாட்டுக்குப் போவதாகச் சலவை வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

விடிந்து அவர் தொட்டிக்குப் போனபோது வேலை முடிந்திருந்தது. வரிசையாக உரித்த ஆடுகள் கொக்கியில் தொங்கின. பாலையா பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அடியாட்கள் இரண்டு பேர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தோல் உரிக்கிற முனிசாமி ஒரு மூலையில் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உசுரோட நான் பாக்கலையே," என்றார் மேஸ்திரி.

"வேலை ஜாஸ்தி மேஸ்திரி. ராத்திரியே அறுத்துட்டோம். மாநாட்டுக்கு ஆள் வந்துக்கினே கீறாங்க. சீலக் குத்திட்டு நீயும் வா, ஒரு வாய் துன்னு."

 மேஸ்திரி மூலையில் குவிந்து கிடந்த குடலைக் கிளறி ஒரு மண்ணீரலை எடுத்தார். அது இரண்டு பங்கு வீங்கியிருந்தது. விரல் பட்டதும் உடைந்து, தார் மாதிரி கருப்பாக ஒழுகியது. தரையில் கிடந்த ரத்தம் உறையவில்லை. 

"இது அறுத்தது இல்ல பாலையா. செத்ததை அறுத்துருக்கீங்க. அடைப்பான் நோவு."

"தெரியும்," என்றான் பாலையா. அவனுக்குப் பொய் சொல்ல நேரமில்லை. "மந்தையில பாதி பூட்ச்சி. மீதிய வாங்கக் காசுக்கு எங்க போவேன்? கொதிக்கிற கொழம்புல போட்டா எல்லாம் பூடும். நம்ம ஆளுங்க மாநாடு. சோறு இல்லன்னா அந்தப் பக்கத்துக்காரன் சிரிப்பான். குத்து."

"கொதிச்சாலும் பூடாது. துன்னவன் வயிறு வீங்கிச் சாவான். வெட்டுறவன் கை அழுகிச் சாவான்."

சொல்லிவிட்டுப் பினாயில் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்து கறிமேல் ஊற்றுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கட்டை அவர் முதுகில் விழுந்தது. திரும்பி டின்னை வீசினார். ஒருவன் கண்ணில் பினாயில் தெறித்து அவன் அலறினான். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. ரத்தத் தரையில் வழுக்கி விழுந்தவரை மூன்று பேரும் மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. அவரும் சும்மா இருக்கவில்லை. பாலையாவின் கணுக்காலைக் கடித்து வாயில் சதை வரும்வரை விடவில்லை. கடைசியில் ஒருவன் மார்மேல் ஏறி உட்கார்ந்தான். பாலையா அவர் இடுப்பிலிருந்த சீல் கட்டையை உருவி முனிசாமியிடம் எறிந்தான்.

"நீ குத்துடா."

முனிசாமி மேஸ்திரியைப் பார்த்தான், பாலையாவைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஒவ்வொரு தொடையாக ஊதாவைக் குத்தினான். சத்தமே இல்லாத வேலை அது. விலா முறிந்தபோது கத்தாத மனிதர் அப்போதுதான் கத்தினார்.

அவரைத் தோல் கிடங்கில் தள்ளிப் பூட்டினார்கள். உப்புப் போட்ட தோல்களின் நடுவில், ஈ மொய்க்க, அவர் கதவை உதைத்துக்கொண்டே கிடந்தார். கறி வண்டி போகிற சத்தம் கேட்டது. அவர் மனசில் ஓடியது ஒரே விஷயம். கறி கெட்டது என்று சமையல்காரன் சந்தேகப்பட்டால்கூடத் தொடையைத் திருப்பிப் பார்ப்பான். ஊதா இருக்கும். சரி என்று வெட்டிக் குண்டானில் போடுவான். தான் இத்தனை வருஷம் அடிபட்டுச் சேர்த்த பேர்தான் இன்றைக்கு அத்தனை பேரையும் கொல்லப்போகிறது. அந்த நினைப்பு விலாவைவிட வலித்தது.

உச்சி வெயிலில் பூட்டு திறந்தது. வாசலில் முனிசாமி. கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினான். முன்கையில் ஒரு கொப்புளம், நடுவில் கரி வைத்த மாதிரி கருப்பு. தோள் வரை வீங்கியிருந்தது.

"மொதல்ல செத்த ஆட்ட முந்தாநேத்து உரிச்சேன். நீ சொன்னது இதுவா மேஸ்திரி?"

"இதுதான். ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"பாலையா என்ன வெட்டிப் போட்டுடுவான்."

"வெட்டாட்டியும் சாவப்போற. ஓடு."

மாநாடு நடந்த மாந்தோப்பில் முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. நானூறு பேர் இருப்பார்கள். மைக்கில் ஒருவர் எல்லையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். சோறு விழுந்துவிட்டது, குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இயேசுதாசன் ரத்தமும் உப்புமாக உள்ளே வந்து முதல் வாளியைத் தட்டிவிட்டார்.

"துன்னாதீங்க. நோவு ஆடு. செத்த ஆடு."

கூட்டம் திகைத்தது. கோவர்த்தனன் ஓடி வந்தார். மேஸ்திரி நடந்ததை அப்படியே சொன்னார். அடித்தார்கள், சீலைப் பிடுங்கிக் குத்தினார்கள், பூட்டினார்கள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று அந்த நிமிஷம் வரை அவர் நம்பியிருந்தார், பாவம்.

பாலையா காலில் கட்டோடு சமையல் பந்தலிலிருந்து வந்தான். எலும்போடு ஒரு தொடைத் துண்டைத் தூக்கிக் காட்டினான். ஊதா வட்டம் தெளிவாக இருந்தது.

"இத்தப் பாருங்க. யார் சீல் இது? இந்த ஊர்ல இவரு சீல ஏமாத்தி எவனாவது குத்த முடியுமா? காலையில குத்திக் கொடுத்துட்டு இப்ப வந்து கலாட்டா பண்றாரு. அந்தப் பக்கத்துக்காரங்க அனுப்பியிருக்காங்க. மாநாட்டக் கெடுக்க வந்துருக்காரு."

அவ்வளவுதான். கூட்டத்துக்கு அது உடனே புரிந்தது. எல்லைத் தகராறு நடக்கிற ஊரில் எதற்கும் காரணம் அந்தப் பக்கத்துக்காரன்தானே. "வித்துட்டான்டா," என்று ஒருவன் சொன்னான். முதல் வரிசையில், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரும் சபை மூப்பருமான இன்பசேகரன் உட்கார்ந்திருந்தார். அவர் மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார்: "மேஸ்திரி சீல்னா கண்ண மூடிக்கினு துன்னலாம்ப்பா. உக்காருங்க." அடுத்த வாளி வந்தது. இன்பசேகரன் இலையில் குழம்பு விழுந்தது. அவர் பிசைய ஆரம்பித்தார்.

இயேசுதாசன் அந்தக் கையைப் பார்த்தார். சீலை நம்புகிற கை. தான் எது சொன்னாலும் சீலுக்கு எதிரே செல்லாது. சீலைத்தான் கெடுக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை.

"நான் காசு வாங்கினேன்," என்று கத்தினார். "பாலையா கையில காசு வாங்கிக்கினு நோவு ஆட்டுக்குச் சீல் குத்தினேன். பயம் வந்துடுச்சி, அதான் ஓடியாந்தேன். நான் காசு வாங்கினவன்."

இன்பசேகரனின் கை இலையிலேயே நின்றது.

அடி, பூட்டு, பிடுங்கிய சீல் எல்லாம் சொன்னபோது நம்பாத கூட்டம், இதை ஒரு மூச்சில் நம்பியது. நம் ஜனங்களுக்கு ஒருத்தன் யோக்கியன் என்பதை நம்பப் பத்து வருஷம் வேண்டும். அயோக்கியன் என்பதற்கு அரை வாக்கியம் போதும். நானூறு பேரும் எழுந்தார்கள். இலைகள் மிதிபட்டன. குண்டான்களை உதைத்துக் கவிழ்த்தார்கள். குழம்பு மண்ணில் ஓடியது. இயேசுதாசன் அதைப் பார்த்தார். மூன்றாவது குண்டானும் கவிழ்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் முதல் செருப்பு அவர் முகத்தில் விழுந்தது.

பாலையாவுக்கும் அடி விழுந்தது. ஆனால் அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள், தப்பினான். மேஸ்திரிக்கு யாரும் இல்லை. வாளியில் மிச்சமிருந்த கொதிகுழம்பை எவனோ அவர் முதுகில் கொட்டினான். தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. கீழே விழுந்தவரை இழுத்துக்கொண்டு போய் அடுப்புக் கல்லருகில் போட்டார்கள்.

"வாங்கின கை எதுடா?"

அந்த நிலையிலும் அவருக்கு ஒரு கணக்கு ஓடியது. வலது கை போனால் வேலை போய்விடும். இடது கையை நீட்டினார்.

"காச எவன்டா பீச்சாங்கையில வாங்குவான்? இன்னும் பொய் சொல்றான் பாரு."

வலது கையைக் கல்லின்மேல் விரித்து வைத்து, இன்னொரு கல்லால் அடித்தார்கள். நான்கு அடி போதவில்லை என்று ஐந்தாவதும் அடித்தார்கள். சோறு போன கோபம் அது. ஒரு கோபக்காரனாவது யோசித்திருக்கலாம், இந்த மனிதன் சொல்லாமல் இருந்தால் நாம் இந்நேரம் என்ன ஆகியிருப்போம் என்று. ஒருவனும் யோசிக்கவில்லை. எனக்கு இன்றும் அந்த மாந்தோப்பு வழியாகப் போனால் காறித் துப்பத் தோன்றும்.

முனிசாமி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பாலையாவுக்குப் பயந்து வீட்டுக்குப் போய் வேப்பிலை வைத்துக் கட்டினான். கழுத்து வரை வீங்கிப் பேச்சு அடைத்து, மாநாடு முடிந்த நாலாம் நாள் செத்தான். சீலைக் குத்தியது என் கைதான் என்று ஊரிடம் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வாய் அவனுடையது. கறி நோவுக் கறிதான் என்பது அவன் சாவினால் ஊருக்கே நிரூபணம் ஆயிற்று. அது மேஸ்திரிக்கு உதவியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதுதான் அவரை முழுசாகக் குழியில் தள்ளியது. நோவு என்று தெரிந்தும் காசுக்காகச் சீல் குத்தினான், ஒரு ஏழையின் உயிரைக் குடித்தான் என்று ஊர் பேசியது. முனிசாமியின் பெண்டாட்டி செங்கம்மா மேஸ்திரி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். ஞானசௌந்தரி கதவைத் திறந்து நின்று, அவள் தூற்றி முடிக்கும்வரை வாங்கிக்கொண்டாள்.

போர்டில் விசாரணை வைத்தார்கள். விசாரித்த அதிகாரி கர்னூலிலிருந்து வந்தவர். "நிஜம் செப்பு," என்றார் தெலுங்கில், கடுமையில்லாமல்தான். இயேசுதாசன் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

"அப்படியென்றால் நானூறு பேர் முன்னால் வாங்கினேன் என்று ஏன் சொன்னாய்?"

"துன்னுருவாங்க சார். சீல் இருந்திச்சே."

அதிகாரி பாலையாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பாலையா அழாத குறையாக ஒப்புக்கொண்டான்: கொடுத்தேன் சார், வாங்கினார் சார், ஆட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும், அவர்தானே பார்த்துச் சொல்ல வேண்டியவர். கொடுத்தவனுக்கு அபராதம். வாங்காதவருக்கு வேலை நீக்கம்.

அவர் அதையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது சபையிலிருந்து வந்தது. அந்த மிஷன் சபையில் ஒரு ஒழுங்கு உண்டு. பகிரங்கமாகப் பாவம் செய்தவன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. புகார் கொண்டுவந்தவர் மூப்பர் இன்பசேகரன். கூட்டத்தில் ஞானசௌந்தரி எழுந்து நின்றாள். பெண்கள் அங்கே பேசுகிற வழக்கமில்லை.

"அண்ணா, அன்னிக்கு மொதப் பந்தியில உன் எலை இருந்திச்சி. பிசைஞ்ச சோத்த ஏன் போட்டுட்டு எழுந்த?"

"அது வேற விஷயம்மா," என்றார் இன்பசேகரன். முகம் மட்டும் சிவந்திருந்தது.

போதகர் நல்லவர்தான். இயேசுதாசனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சபை முன்னால் ஒரே ஒரு வாக்கியம், லஞ்சம் வாங்கினேன், மன்னியுங்கள், அவ்வளவுதான் கேட்டார்.

"பொய் சொன்னேன், மன்னியுங்கன்னு சொல்றேன் ஐயா. அது நெசம். வாங்கினேன்னு சொல்ல மாட்டேன்."

"எதைப் பொய் என்கிறீர்? அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்வதா? சபைக்கு எப்படித் தெரியும்?"

இயேசுதாசன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். அவர் தன் கோணல் கையைத் துண்டால் மூடிக்கொண்டு இருப்பார். செங்கல் சூளையில் காவல் வேலை பார்த்தார். ஊரில் புது மேஸ்திரி வந்தார். புது சீல் வந்தது. பெண்கள் ஊதாவைப் பார்த்துவிட்டு மோந்தும் பார்த்தார்கள். இது நல்லதுதான் என்று அவர் திருப்திப்பட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது. ஒருமுறை கடைத்தெருவில் ஒரு பெண் மோந்து பார்ப்பதைக் கண்டு, வீட்டுக்கு வந்து, ஞானசௌந்தரி மடியில் விழுந்து அழுதார்.

திருத்தணி மதராஸ் பக்கம் போய், இந்த ஊர் ஆந்திரத்திலேயே நின்று, எல்லை ஒரு வழியாக முடிவான வருஷம் அவர் படுத்துவிட்டார். முறிந்த விலாவுக்கு உள்ளே நுரையீரல் கெட்டிருந்தது. கடைசி என்று தெரிந்ததும் போதகர் தாமாகவே வந்தார். சிறிய பெட்டியில் அப்பமும் ரசமும் கொண்டு வந்திருந்தார். போகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கும் மனசு வரவில்லை.

"சபை முன்னால் வேண்டாம்," என்றார் போதகர். "என் காதில் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியம்."

இயேசுதாசன் அப்பத்தை வெகு நேரம் பார்த்தார். அவருக்கு அது வேண்டும். அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு நானூறு பேருக்காக ஒரு பொய் சொன்னேன் ஐயா. இன்னிக்கு எனக்காக ஒண்ணு சொல்லச் சொல்றீங்க."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.  போதகர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞானசௌந்தரி எழுந்து வழியனுப்பவில்லை.